மயிலையும் கொப்பரைக் கிடங்கும்

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் காலையில், எங்கள் வீட்டுப் புறக்கடையில் தென்னை மட்டை அடுக்கியிருக்கும் மூலையிலிருந்து ஒரு பூனைக்குட்டியின் குரல் கேட்டது. தாய் வந்து கவ்விக்கொண்டு போகும் என்று பொழுது சாயும்வரை பார்த்தோம். வரவில்லை. எங்கள் வீடு பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகும் சாலையை ஒட்டியிருக்கிறது. அந்தச் சாலையில் தாய்க்கு என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகிக்கக் கதை எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

குட்டி என் உள்ளங்கையில் அடங்கியது. கண் திறந்து, பல் அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. சாம்பல் பூத்த வெள்ளை நிறம். என் தாயார் அதைப் பார்த்ததும், "மயிலையாட்டவே இருக்குது, சாமி" என்றார். சொன்னவர், பிறகு ஏனோ ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு கொட்டாங்குச்சியில் பசும்பாலை ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

குட்டி ஆவலோடு குடித்தது. மறுநாள் அதற்கு வயிறு கழிந்தது. அதற்கும் மறுநாள் தலை நிற்கவில்லை. ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊருக்குள் இருக்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். இளம் வயது அம்மையார். குட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பசும்பாலுங்களா?"

"ஆமாங்க."

"எல்லாரும் அதைத்தானுங்க கொடுக்கறாங்க. பூனைக்கு அது செரிக்காதுங்க. குட்டிக்குன்னு பால்மாவு விக்குது. வெதுவெதுன்னு கரைச்சு, குப்புறப் படுக்க வெச்சே கொடுங்க. மல்லாத்திப் பிடிச்சா நெஞ்சுக்குள்ள ஏறிக்கும். சூடு முக்கியமுங்க. வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வையுங்க."

எல்லாவற்றையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டேன். எழுந்திருக்கும்போது அவர் கேட்டார்: "பத்து நாள் போனா வேற தீனி வேணும். என்ன கொடுப்பீங்க?"

"எங்க ஊட்டுல கறி புழங்கறதில்லீங்க. பாலுஞ் சோறுந்தான். இல்லாட்டித் தயிர்ச் சோறு."

"அதையே வருசக்கணக்கா கொடுத்தீங்கன்னா, கண்ணு போயிருமுங்க அதுக்கு."

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். ஏறக்குறைய முப்பத்தெட்டு வருஷமாக எனக்கு விடை தெரியாதிருந்த ஒரு கேள்விக்கு, கேட்காமலே விடை வந்துவிட்டது.

மயிலை எங்கள் அம்மிச்சி வீட்டுப் பூனை. அப்புச்சி ஆனைமலைப் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருந்தார். களத்தை ஒட்டி ஓடு வேய்ந்த கிடங்கு. கிடங்கில் மூட்டை இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் பூனை இருக்க வேண்டும். அப்புச்சிக்கு உலகத்தில் தெரிந்த நிறங்களெல்லாம் காங்கேயம் மாட்டு நிறங்கள்தான். காரி, செவலை, மயிலை. ஆகவே பூனைக்கும் மயிலை என்று பேர் வைத்தார். காலையும் மாலையும் அம்மிச்சி ஒரு மண் சட்டியில் பாலும் சோறும் பிசைந்து வைப்பார். மயிலை அதை வந்து நக்கிவிட்டுப் போகும். பகலெல்லாம் மூட்டை மேல் தூக்கம். இரவெல்லாம் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது கிடங்கு கைமாறியது. அம்மிச்சியும் அப்புச்சியும் டவுனில் எங்களோடு வந்து தங்கினார்கள். மயிலையும் சாக்கில் கட்டப்பட்டு வந்தது. தார்சு வீடு, சிமெண்டுத் தரை, மூடி போட்ட டப்பாக்கள். வெளியே விட்டால் ஓடிப்போய்விடும் என்று கதவைச் சாத்தியே வைத்தோம். அம்மிச்சி முன்னைவிட அன்பாகப் பார்த்துக்கொண்டார். ஒரு வேளைக்கு இரண்டு வேளையாகப் பால் வைத்தார், நெய்கூட விட்டார். ஒன்றரை வருஷத்துக்குள் மயிலை கதவு நிலையில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தது. கண் மணிகள் பகலிலும் அகல விரிந்தே இருந்தன. பிறகு ஒரு நாள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்து இறந்துபோயிற்று. அப்போது எனக்கு ஒன்பது வயது, வருஷம் 1988. தன் கைச்சோறு தின்ற ஜீவன் குருடாகிச் செத்ததை அம்மிச்சி தன் பாவமாகவே எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் பூனை வளர்க்கவில்லை.

மருத்துவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். டாரின் என்று ஒரு சத்து. அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. அரிசியில் இல்லை, பாலில் மிகச் சொற்பம். நாயும் மனிதனும் அதை உடம்புக்குள்ளேயே ஓரளவு செய்துகொள்ள முடியும். பூனையால் போதிய அளவு முடியாது. தின்றுதான் ஆக வேண்டும். அது கிடைக்காவிட்டால் விழித்திரை கெடும் என்று 1975இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். இருதயமும் வீங்கிப் பலவீனமாகும் என்று 1987இல் கண்டார்கள். அதாவது, மயிலை இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால்! அந்தச் செய்தி பொள்ளாச்சி வந்து சேர அதன்பிறகு எத்தனையோ வருஷமாகியிருக்கும். மயிலைக்கு வந்தது அதுதான் என்று இன்று யாரும் பிரமாணம் செய்ய முடியாது. அடையாளங்கள் பொருந்துகின்றன என்று மட்டும் மருத்துவர் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது இன்னொரு கேள்வி பிறந்தது. கிடங்கில் இருந்த வரைக்கும் அதே பாலையும் சோற்றையும்தானே மயிலை தின்றது? அப்போது கண் நன்றாகத்தானே இருந்தது? விடை வெகு சுலபம். கிடங்கில் அது தின்றது எலியை. அம்மிச்சி வைத்த பால் சோறு வெறும் சிற்றுண்டி. எங்கள் சைவ வீட்டுக்குள்ளேயே இரவுதோறும் ஓர் அசைவச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருந்துவிட்டு, நாம்தான் பூனையை வளர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு நின்றுவிட்டவன் நான். சரித்திர ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஒரு விஷயம் மனத்தில் தைத்துவிட்டால், கையில் கிடைக்கும் புத்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்க்கிற வியாதி உண்டு. பூனைக்கும் நமக்கும் இடையே நடந்தது என்ன என்று பார்த்தேன். மயிலையின் கதை எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல என்று தெரிந்தது.

நாயை மனிதன் பிடித்துப் பழக்கினான் என்பார்கள். பூனை தானாக வந்தது. மேற்காசியாவில் மனிதன் தானியம் விதைத்துச் சேர்த்து வைக்கத் தொடங்கினான். தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதனின் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். அது சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தியது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. யாரோ படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். நம் பக்கத்தில், சிந்து வெளியின் சான்ஹுதாரோ என்ற ஊரில், சூளையில் வைக்குமுன் காயப் போட்டிருந்த ஈரச் செங்கல்லின் மீது ஒரு பூனையும் அதைத் துரத்திக்கொண்டு ஒரு நாயும் ஓடியிருக்கின்றன. 1935-36இல் தோண்டியபோது கிடைத்த அந்தச் செங்கல்லில் இரண்டின் காலடியும் அப்படியே இருக்கின்றன. நாலாயிரம் வருஷமாக அந்தத் துரத்தல் முடியவில்லை.

தமிழில் பூனை முதலில் வருவது வேலிக்கு வெளியே. சங்கப் பாட்டுகளில் அதன் பேர் வெருகு. பெரும்பாலும் அது காட்டுப்பூனை; அந்தி மயங்கும் நேரத்தில் வேலியோரம் பதுங்கி வந்து கோழியைப் பார்க்கிற திருடன். ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவர் குறுந்தொகையில் அதை இரண்டு இடத்தில் கொண்டுவருகிறார். ஒன்றில், மாலையில் வெருகைக் கண்டு மிரண்ட வீட்டுக் கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. இன்னொன்றில், மழைக்குப் பின் அரும்பிய முல்லை, வெருகு பல்லைக் காட்டிச் சிரித்தது போல இருக்கிறது. கோழியைத் திருடும் பூனையின் பல்லிலேயே முல்லை அரும்பைப் பார்க்க ஒரு தனி மனசு வேண்டும். புறநானூற்றில் ஒரு காட்சி: ராத்திரியில் வெருகுக்குப் பயந்து ஓர் இளம் பெட்டைக்கோழி கூவுகிறது. பஞ்சு நூற்றுக்கொண்டிருக்கிற பெண் எழுந்து சிறு விளக்கைக் காட்டுகிறாள். வெளிச்சத்தில் தன் சேவலைக் கண்டதும் பெட்டைக்குப் பயம் தெளிகிறது. பஞ்சும் நூலுமாகப் பிழைத்த கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு இதை வாசிக்கும்போது யாரோ பக்கத்து வீட்டு அக்காளைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

தொல்காப்பியத்தின் மரபியல், வெருகின் இளமைப் பேர் 'குட்டி' என்கிறது. வெருகைப் பூசை என்று சொல்வதும் வழக்கில் உண்டு, அதைத் தள்ள வேண்டாம் என்றும் சொல்கிறது. காட்டில் இருந்தது மெல்ல மெல்ல வீட்டுப் பேச்சுக்குள் நுழைந்ததன் சுவடு இது என்று எனக்குத் தோன்றுகிறது. இலக்கணப் புலவர்கள் வேறு காரணம் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இதே சங்க காலத்தில் கடலுக்கு அப்பால் ஒரு காட்சி. எகிப்தில் செங்கடல் கரையில் பெரெனிகே என்று ஒரு துறைமுகம். நம் மிளகு அங்கே கிடைத்திருக்கிறது; தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும் கிடைத்திருக்கிறது. கொங்கு நாட்டுப் படியூர், கொடுமணல் பக்கத்துப் பச்சைக்கல் மேல்நாட்டுக்குப் போனது பாலக்காட்டுக் கணவாய் வழியாக. அந்த வழியில்தான் பொள்ளாச்சி இருக்கிறது. இங்கேயே ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல் கிடைத்ததுண்டு. ஆக, பெரெனிகே நமக்கு அந்நிய ஊர் அல்ல, வியாபாரச் சம்பந்தம் உள்ள ஊர். அந்த ஊரின் ஓரத்தில் பிராணிகளுக்கென்றே ஒரு மயானம் இருந்தது. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. 585 பிராணிகளின் எலும்புகளை ஆராய்ந்து 2021இல் முடிவைச் சொன்னார்கள். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பூனைகள். சிலவற்றின் கழுத்தில் மணி கோத்த பட்டை. பல் கொட்டிப்போய், நடமாட முடியாமல், ஆனாலும் கிழவயது வரை பிழைத்த பிராணிகளும் அங்கே இருந்தன. யாரோ அவற்றுக்கு மெதுவான தீனியாகப் பார்த்து ஊட்டியிருக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பாலைவனத்தின் விளிம்பில், நல்ல தண்ணீருக்கே திண்டாடும் ஒரு துறைமுகத்தில், இனி ஒரு எலியைக்கூடப் பிடிக்க மாட்டாத பிராணிக்கு ஒருவன் உணவை மசித்து வைத்திருக்கிறான். அப்படி ஒருவனை நம் பழைய கதைகளில் தேடினேன்.

நம் கதைகளில் பூனைக்குப் பஞ்சமில்லை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் சொல்லப்படும் பெரும்பாறையில், ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒரு பூனையைத் தவக்கோலத்தில் நிறுத்தியிருக்கிறான், சுற்றிலும் எலிகள். போலிச் சாமியாருக்கு அதைவிட நல்ல சித்திரம் இன்றுவரை யாரும் போடவில்லை. கம்பன் தன் அடக்கத்தைச் சொல்ல, பாற்கடலை முழுவதும் நக்கிவிட ஆசைப்பட்ட பூசையாகத் தன்னை வைத்துக்கொள்கிறான். வைணவத்தில் தென்கலையார் மார்ஜார நியாயம் என்பார்கள். குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போகும். இறைவன் அருள் அப்படிப்பட்டது என்பது கருத்து. எங்கள் மட்டை மூலையில் கிடந்த குட்டிக்கு அந்தத் தாய் வரவில்லை. அது தத்துவத்தின் குற்றம் அல்ல, லாரியின் குற்றம்.

பூனைக்குச் சோறு போட்ட கதை என்றால் தெனாலிராமன் கதைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எலித் தொல்லைக்காக ராயர் வீட்டுக்கு ஒரு பூனையும், அதற்குப் பால் கொடுக்கப் பசுவும் தந்தார். ராமன் முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்தான். வாய் வெந்த பூனை அப்புறம் பாலைக் கண்டாலே ஓடியது. பாலை அவன் குடித்தான். கதையில் அந்தப் பூனை எலும்பும் தோலுமாக இருக்கும். இப்போது யோசித்தால், மற்றவர்கள் வீட்டில் பால் குடித்துக் கொழுத்த பூனைகளுக்கல்லவா கண் போயிருக்கும்? ராமனுடைய பூனை எலியைத் தின்றாவது பிழைத்திருக்கும்!

மரியாதைராமன் கதை இன்னும் நம் பக்கத்தது. நாலு பேர் கூட்டாகப் பஞ்சு வியாபாரம் செய்தார்கள். கிடங்கில் எலி. கூட்டுப் பணத்தில் ஒரு பூனை வாங்கி, ஆளுக்கொரு காலாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு காலில் அடிபட்டது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் எண்ணெய்த் துணியால் கட்டுப் போட்டான். துணியில் விளக்கு பற்றி, பூனை பஞ்சுக்குள் ஓடி, அத்தனையும் எரிந்தது. மூன்று பேரும் நாலாமவன் மேல் வழக்குப் போட்டார்கள். 'அடிபட்ட காலால் பூனை ஓடியிருக்க முடியாது. உங்கள் மூன்று காலால்தான் ஓடியது. நீங்கள்தான் நஷ்டம் கொடுக்க வேண்டும்' என்பது தீர்ப்பு. தீர்ப்பின் சாமர்த்தியத்தைப் பேசாதவர் இல்லை. பூனைக்கு என்ன ஆயிற்று என்று கதையில் ஒருவரும் கேட்பதில்லை. ஆனாலும் அந்த நாலாமவனை எனக்குப் பிடிக்கிறது. நான் தேடியவரை, நம் கதைகளில் பூனைக்குக் காயம் கட்டிய ஒரே மனிதன் அவன்தான். அவனையும் கச்சேரிக்கு இழுத்துவிட்டார்கள்.

பூனையின் வேலைக்கு அரசாங்க மதிப்பு வந்த காலமும் ஒன்று உண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கொண்டுவருகிறது என்று 1898இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் காட்டினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரும் அந்த நோயால் தவித்தது. ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். பிளேக் மாரியம்மன் என்ற பேரிலேயே கோவையில் கோயில்கள் இருக்கின்றன. இங்கிலீஷ் வியாதியின் பேரை அம்மனுக்குச் சூட்டிய ஊர் எங்கள் ஊர். அந்தச் சமயத்தில் மத்திய இந்தியாவில் வேலை பார்த்த புக்கானன் என்ற ராணுவ வைத்திய அதிகாரி, பூனை மிகுந்த கிராமங்களில் பிளேக் குறைவு, ஆகவே வீட்டுக்கு வீடு பூனை வளர்க்க வேண்டும் என்று 1908இல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். பூனைக்கும் பிளேக் தொற்றும், அதனிடமிருந்து மனிதனுக்கும் வரும் என்பது இன்று தெரிந்த விஷயம். மனிதனுக்குக் காவல் போட்ட இடத்தில் எத்தனை பூனைகள் செத்தன என்று கணக்கெழுதியவர் இல்லை.

பிறகு நடந்ததை நாமே பார்த்தோம். குதிர் போயிற்று, பத்தாயம் போயிற்று, ஓட்டுக் கூரைக் கிடங்கு போயிற்று. எலிக்கு மருந்து வந்தது. மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் ஆபத்து. பூனையின் உத்தியோகம் இப்படிப் போய்விட்டது. சம்பளமாக நாம் வைத்த பால் சோறு மட்டும் பாக்கி. அந்தச் சம்பளத்தில் அது ஒரு நாளும் பிழைத்ததில்லை என்பது நமக்குத் தெரியாது. அம்மிச்சிக்குத் தெரியாது. அவர் குறையாக ஒன்றும் செய்யவில்லை. எலியின் பங்கையும் சேர்த்துத் தான் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை.

இதையெல்லாம் என் தாயாரிடம் எப்படிச் சொல்வது? பத்து நாள் ஓடிவிட்டது. பால்மாவில் குட்டி தெளிந்து, என் எழுத்து மேஜைக் காகிதங்களைக் கிழிக்கும் அளவுக்குத் தேறிவிட்டது. இனிக் கறி. உப்பும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் கோழியை வேகவைத்து, மசித்து, வெந்த தண்ணீரையும் கொட்டாமல் அதோடே சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். டாரின் தண்ணீரில் இறங்கிவிடுமாம்.

"நம்ம ஊட்டுல அதெல்லாம் ஆகாது, கண்ணு" என்றார் தாயார். "உங்கம்மிச்சி பாலுஞ் சோறும் வெச்சுத்தானே மயிலைய வளத்துனா?"

"மயிலை எலி தின்னு வளந்ததுங்கம்மா. இங்க வந்த பொறகு எலி இல்ல. அதனாலதான் கண்ணு போச்சு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப அது அம்மா பண்ணுன பாவமில்லையா?"

"இல்லீங்கம்மா."

"அவ சாகற வரைக்கும் சொல்லீட்டே இருந்தாளே, சாமி."

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அவர் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலையில் புறக்கடையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் மூன்று செங்கல் கூட்டி ஓர் அடுப்பு இருந்தது. அதன் மேல் ஒரு புதுச் சட்டி. உள்ளே ஒரு பழைய கரண்டி. "இதுக்குன்னு தனியா வெச்சுக்கோ. உள்ள கொண்டாந்தராதே" என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது. நான் கடைத்தெருவுக்குப் போய் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோழிக்கறி வாங்கினேன். கால் கிலோவுக்குக் கீழே தரமாட்டேன் என்றான் கடைக்காரப் பையன்.

வேகும்போது தாயார் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு ஏழடி தள்ளி நின்றார். குட்டி தின்று முடிக்கும் வரை நகரவில்லை. பிறகு, சாயங்காலம் மூன்று மணிக்கெல்லாம் வந்து என் கதவைத் தட்டினார்.

"ஏங்கண்ணு, அதுக்கு அடுத்த வேளை எப்ப?"